நீராடும் முன் லென்ஸைக் கழற்றுங்கள்

மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கியது முதல் சித்திரைத் தேரோட்டம் வரை, சமயபுரம் வரும் சாலைகள் பாதயாத்திரை அடியார்களால் நிறைந்திருக்கும். கண்ணோய் தீர வேண்டி அம்மனுக்குக் கண்மலர் சாத்துவோரும் அவர்களுள் உண்டு. இரவெல்லாம் நடந்து, காவிரியிலோ கொள்ளிடத்திலோ நீராடித் தரிசனம் காண வருவோரில் காண்டாக்ட் லென்ஸ் அணிந்த இளைஞர்களும் இருக்கின்றனர். அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நாங்கள் வலியுறுத்த விரும்புவது ஒன்றே: லென்ஸ் அணிந்த கண்ணில் நீர் படலாகாது.

நீர் ஏன் ஆகாது?

கருவிழியில் இரத்த நாளங்கள் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவை அது பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர்ப் படலத்தின் வழியாகவே பெறுகிறது. அப்படலத்தின் மீதே லென்ஸ் மிதக்கிறது. உறங்கும்போது இமை மூடுவதால் பிராணவாயு குறைகிறது. அழுக்கை அகற்றும் கண்ணீரோட்டமும் தடைப்படுகிறது. லென்ஸுடன் உறங்குவோருக்குக் கருவிழிப் புண் வரும் வாய்ப்பு பன்மடங்கு கூடுவது இதனாலேயே.

ஆற்றிலும் குளத்திலும் குழாய் நீரிலும் அகந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. லென்ஸில் அது ஒட்டிக்கொண்டால் கருவிழியைத் துளைத்து உட்புகக்கூடும். கடினமான உறைக்குள் ஒடுங்கிக்கொள்வதால் மருந்துக்கு எளிதில் அழியாது. சிகிச்சை மாதக்கணக்கில் நீளும், பார்வையே பறிபோகவும் கூடும்.

சிங்கப்பூரில் 2005 மார்ச் முதல் 2006 மே வரை 66 பேருக்குப் பூஞ்சையால் கருவிழிப் புண் கண்டறியப்பட்டது. அவர்களுள் 65 பேர் மென்மையான லென்ஸ் அணிந்தவர்கள். ஒரு குறிப்பிட்ட லென்ஸ் திரவத்தோடு இந்நோய்க்குத் தொடர்பு காணப்பட்டு, அத்திரவம் 2006-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. எனினும், நோயுற்றோரில் பலர் லென்ஸைக் குறித்த காலத்தில் மாற்றாதவர்கள்; சிலர் அணிந்தபடியே உறங்கியவர்கள்.

அன்றாடப் பராமரிப்பு

• சோப்பிட்டுக் கைகழுவி, நன்கு துடைத்து உலர்ந்த பின்னரே லென்ஸைத் தொடுங்கள்.
• கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, அதற்குரிய திரவம் விட்டு மெல்லத் தேய்த்து அலசுங்கள். காய்ச்சி ஆறிய நீரும், வீட்டில் கரைத்த உப்புநீரும், எச்சிலும் அதற்கு ஈடாகா.
• பெட்டியிலுள்ள பழைய திரவத்தோடு புதியதைச் சேர்க்காதீர்கள். முழுவதும் கொட்டி, திரவத்தாலேயே அலசி, கவிழ்த்து உலரவிடுங்கள். மூன்று மாதத்திற்கொரு முறை பெட்டியை மாற்றுங்கள்.
• ஒருநாள் லென்ஸை மறுநாள் அணியாதீர்கள்.
• குளிக்கும் முன்னும் உறங்கும் முன்னும் கழற்றிவிடுங்கள்.

பாதயாத்திரையின்போது கண்ணாடி அணிந்து வருவதே நன்று. சாலைப் புழுதியும், திருநீறு குங்குமத் துகளும் லென்ஸுக்கடியில் சிக்கினால் கருவிழியில் கீறல் உண்டாகும்.

எப்போது விரைந்து வரவேண்டும்?

கண் சிவத்தல், வலி, வெளிச்சம் பட்டால் கூசுதல், பார்வை மங்கல், கருவிழியில் வெண்புள்ளி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் வாருங்கள். லென்ஸையும் பெட்டியையும் உடன் கொண்டுவந்தால், கிருமியைக் கண்டறியும் பரிசோதனைக்கு அவை உதவும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணில் விடவேண்டாம். மருந்துக் கடையில் தாமாகவே சொட்டு மருந்து வாங்குவதும் தீங்கே. ஸ்டீராய்டு கலந்த மருந்து சிவப்பைத் தணித்து நோயை மறைத்துவிடும், உள்ளே புண் வளர்ந்துகொண்டிருக்கும்.

வீட்டில் லென்ஸ் அணியும் பிள்ளை இருந்தால், படுக்கும் முன் கழற்றியாயிற்றா என்று பெற்றோர் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.