மரை கெடாத கை

வீட்டு வாசலில் நிறுத்திய காரில் சொந்தக் கையை வைக்கிறவருக்குப் பெரிய செலவு வருவது பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான்: மரை. ஸ்பார்க் பிளக் மாற்றும் கூலியை மிச்சம் பிடிக்கப் போய், அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரையைத் தின்றுவிட்டால், ஹெட்டையே கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கிப் போகவேண்டி வரலாம். மெக்கானிக் கடைகளில் கைமாற்றி வந்த உபாயங்களைக் கவனித்தால் ஒன்று புரியும். அவற்றில் பாதிக்கு மேல் வேலையைச் சீக்கிரம் முடிப்பதற்கானவை அல்ல. போல்ட் தன் தலையும் மரையும் கெடாமல் வெளியே வரவும், கெடாமல் திரும்ப உள்ளே போகவும் கண்டுபிடித்தவை.

முதலில் ஸ்பேனரைப் பார்த்துவிடுவோம். மாருதி, டொயோட்டா, ஹோண்டா போன்ற ஜப்பானிய வழி வந்த கார்களிலும் ஹூண்டாயிலும் அதிகம் கண்ணில் படுவது 10, 12, 14, 17 நம்பர்கள். டாடா, ஃபோக்ஸ்வேகன் போன்றவற்றில் 12, 14 இருக்கும் இடங்களில் பெரும்பாலும் 13, 16, 17 இருக்கும். ஸ்விஃப்ட்டுக்காக வாங்கிய செட், பக்கத்து வீட்டு டியாகோவுக்குப் பாதிதான் உதவும். சாதாரண செட்டில் 12-ம் 13-ம் ஒரே ஸ்பேனரின் இரண்டு முனைகள் என்பதால், அவசரத்தில் மாற்றிப் பிடித்து 12-ஆம் நம்பர் தலையை உருட்டிவிடுவது சுலபம். தாத்தா அம்பாசடர் வைத்திருந்த வீடுகளில் அங்குல ஸ்பேனர்கள் இன்னும் கிடக்கும். அதில் அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர்: 13 தலையில் ஏறாது, 12 தலையில் ஆடும். அவற்றை அம்பாசடரோடு விட்டுவிடுங்கள்.

வாங்குவதானால் 10, 12, 13, 14, 17 நம்பர்களில் ஆறு முனை பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள். கடைக்காரர் எடுத்துக் காட்டுவது பன்னிரண்டு முனையாக இருக்கலாம். அது இடுக்கில் மாட்ட வசதி என்றாலும், துருப்பிடித்த போல்ட்டின் மூலைகளைச் சீவிவிடும். ஆறு முனை உள்ளது தலையின் தட்டைப் பக்கங்களை அணைத்துப் பிடிக்கும்.

வீட்டு வேலையில் நேரத்தையும் பொறுமையையும் அதிகம் தின்பது இறுகிப்போன போல்ட்தான். அதற்கான வைத்தியம் முதல்நாள் ராத்திரியே தொடங்க வேண்டும். பலரும் கையில் எடுப்பது டபிள்யூ.டி.-40. அது 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், உலோகத்திலிருந்து நீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காக உருவானது. 40-ஆவது முயற்சியில் கலவை சரிப்பட்டது என்பதால்தான் அந்த எண். நீரை விரட்டுவதில் கெட்டிக்காரன், மரைக்குள் ஊறி இறங்குவதில் சுமார்தான். துருவிளக்கி என்றே தனியாக விற்கும் எண்ணெய் இதற்கு மேல். பவர் ஸ்டீயரிங்கில் ஊற்றும் ஆயிலையும் அசிட்டோனையும் சரிபாதி கலந்து விடுகிறவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயிண்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். சூடான எஞ்சின் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது.

மறுநாள் காலை, போல்ட்டின் தலைமேல் சுத்தியலால் நேராக நாலு தட்டு தட்டுங்கள். அந்த அதிர்வில் துருவின் பிடி உடையும். அப்புறம் தளர்த்துவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பாருங்கள். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் எதிர்த்திசையில் ஒரு சிறு அசைவு கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அதன்பின் கால் சுற்று தளர்த்தி, அரைக்கால் சுற்று இறுக்கி, மறுபடி எண்ணெய் விட்டு, இப்படி முன்னும் பின்னுமாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். ஒரே மூச்சில் திருகினால் போல்ட் முறியும். ஸ்பேனரை எப்போதும் உங்களை நோக்கி இழுங்கள். தள்ளும்போது அது நழுவினால் விரல் முட்டிதான் எஞ்சினில் போய் மோதும்.

ஸ்டார் ஸ்க்ரூவில் இன்னொரு சூட்சுமம் உண்டு. ஜப்பானியத் தரத்தில் வரும் ஸ்டார் ஸ்க்ரூவும் நாம் கடையில் வாங்கும் பிலிப்ஸ் ஸ்க்ரூடிரைவரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே பள்ளம் வேறு. பிலிப்ஸ் முனை அடிவரை போய் உட்காராது. திருகத் திருக மேலேறி பள்ளத்தை வழித்துவிடும். பழைய ஜப்பானிய வண்டிகளில் ஸ்க்ரூவின் தலையில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அது இந்த ஜாதி. அதற்கென்று உள்ள ஸ்க்ரூடிரைவர் கிடைக்காவிட்டால், ஒரு பழைய பிலிப்ஸின் கூர்முனையை அரத்தில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் அடிவரை இறங்கும். திருகும் முன் பின்பக்கம் சுத்தியலால் ஒரு தட்டு. பள்ளம் ஏற்கெனவே வழிந்திருந்தால், வால்வு தேய்க்கும் பேஸ்ட்டை முனையில் கொஞ்சம் தொட்டுக்கொள்ளுங்கள், அந்த மணல் பிடித்துக்கொள்ளும்.

கழற்றுவதில் தப்பியவர்கள் மாட்டும்போது மாட்டிக்கொள்வார்கள். ஸ்பார்க் பிளக்கை ஸ்பேனரில் வைத்து நேரே முறுக்குவதுதான் மரை கெடுவதற்கான ராஜபாட்டை. ஒரு சாண் நீள பெட்ரோல் டியூபை பிளக்கின் பின்புறம் செருகி, டியூபைப் பிடித்துக் கையால் சுற்றுங்கள். மரை நேராகப் பிடித்தால் பிளக் சுலபமாக இறங்கும்; கோணலாகப் பிடித்தால் டியூப் வழுக்கிச் சுற்றுமே தவிர அலுமினியத்தை அறுக்காது. எனக்குத் தெரிந்தவரை காசே செலவில்லாத உபாயங்களில் இதற்கு இணை கிடையாது. கை இறுக்கம் முடிந்தபின் ஸ்பேனர் போட்டு, வாஷர் உள்ள புதுப் பிளக்கானால் அரைச் சுற்றுக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

எந்த போல்ட்டுக்கும் பொருந்துவது இன்னொன்று. உள்ளே திருகும் முன் எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். மரையின் தொடக்கம் தொடக்கத்தைச் சந்திக்கும் இடத்தில் 'டிக்' என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் மரை தப்பாது.

சில்லறை உபாயங்கள் ஏராளம். கழற்றியதைப் போட்டுவைக்க முட்டை அட்டையை மிஞ்சியது இல்லை; கழற்றிய வரிசையிலேயே குழிகளில் போட்டுக்கொண்டே போகலாம். நீளம் வேறு வேறான போல்ட்கள் என்றால், அட்டைப்பெட்டித் துண்டில் மூடியின் உருவத்தைக் கிறுக்கி, அதே இடங்களில் குத்தி வையுங்கள். போல்ட் எட்டாத இடத்தில் இருந்தால் பாக்ஸுக்குள் துளி கிரீஸ் தடவுங்கள், தலை ஒட்டிக்கொண்டு போகும். உடைந்த ஸ்பீக்கரின் காந்தம் தொலைந்த நட்டைத் தேடித் தரும். கழற்றும் முன் கைப்பேசியில் ஒரு படம், கண் எட்டாத இடுக்கில் கைப்பேசியை நுழைத்து ஒரு படம். துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கிலோ வாங்கினால் மாதக்கணக்கில் வரும்.

பேட்டரியில் கை வைக்கும் முன் மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிடுங்கள். முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதுதான் கடைசி. வண்டியின் பாடி முழுவதும் நெகட்டிவ். அது இணைந்திருக்கும்போது பாசிட்டிவில் மாட்டிய ஸ்பேனர் பாடியைத் தொட்டால் பொறி பறக்கும். டெர்மினலில் பூத்த பச்சை, வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கலந்த வெந்நீர் கரைத்துவிடும். காயவிட்டு, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும்.

கைவிட வேண்டிய உபாயங்களும் உண்டு. ஆயில் ஃபில்டர் சுழலாவிட்டால் ஸ்க்ரூடிரைவரைக் குத்தித் திருப்புவது அவற்றில் ஒன்று. பல சமயம் தகடு கிழிந்து பிடிமானமே போய்விடும். உப்புத்தாளைச் சொரசொரப்பு உள்பக்கமாகச் சுற்றிக் கையால் திருகிப் பாருங்கள். வீல் நட்டை இறுக்க ஸ்பேனர்மேல் ஏறி நிற்பது இன்னொன்று. சிறு கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர் போதும். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ அளவுக்கு அழுத்தினாலே 100-ஐத் தொட்டுவிடும். எழுபது கிலோ ஆள் ஏறி நின்றால் ஸ்டட்டின் மரை இழுபடும்.

இனி ஜாக்கி. டிக்கியில் வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். வீல் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டுத் தூக்குங்கள். ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடிப்பை நம்ப முடியாது என்பதால், முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுக்க வேண்டும். சாலையிலிருந்து வீட்டுக்குள் ஏறும் சரிவில் இந்த வேலையே வேண்டாம். செங்கல், ஹாலோ பிளாக் இரண்டையும் சக்கரத்துக்கு முட்டாக வைக்கலாம், வண்டியைத் தாங்க வைக்கக் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் அவை நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைப் பாடிக்கு அடியில் படுக்கவைப்பது நல்ல பழக்கம். ஆனால் அது கூடுதல் காப்பு, வண்டியைத் தாங்கும் ஜாக் ஸ்டாண்டுக்கு மாற்று அல்ல.

மஞ்சள் நிற ஒயரும் சாக்கெட்டும் ஏர்பேக்குடையவை. ஹைபிரிட், மின்சார கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள் உயர் மின்னழுத்தம். அங்கே எந்த உபாயமும் வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள். மற்ற எந்தக் கருவியையும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கிக்கொள்ளலாம். ஜாக் ஸ்டாண்டு ஒரு ஜோடி மட்டும் சொந்தமாக வாங்குங்கள். அது கைக்கு வரும்வரை வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.