பன்னிரண்டுக்கு மேல் ஏழு நிமிடம்

நம் ஊரான சரவணம்பட்டியில் ஜூன் 21 வாக்கில் பகல் 12 மணி நேரம் 46 நிமிடம். டிசம்பர் 21 வாக்கில் 11 மணி நேரம் 28 நிமிடம். பஞ்சாங்கத்தில் ‘அகஸ்’ என்று நாழிகைக் கணக்கில் போட்டிருப்பது இந்தப் பகல் நீளத்தைத்தான். வருடம் முழுக்க ஒவ்வொரு நாளின் அளவையும் வரைபடத்தாளில் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். பிளஸ் ஒன் மாணவர்களை மிரட்டும் சைன் வளைவு ஏறக்குறைய அப்படியே எழுந்து நிற்கும்.

புத்தகத்து சைன் அலை பூஜ்யத்தை நடுவில் வைத்து +1க்கும் −1க்கும் இடையே ஆடுகிறது. பகல் அப்படி ஆட முடியாது. மைனஸ் ஒரு மணி நேரப் பகல் எந்த ஊரிலும் கிடையாது! ஆகவே அலை மொத்தமும் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. எத்தனை தூரம் ஏறியிருக்கிறது என்பதே செங்குத்து நகர்வு.

உச்சத்தையும் அடியையும் கூட்டிப் பாதியாக்கினால் அது கிடைத்துவிடும்: 12 மணி நேரம் 7 நிமிடம். அலையின் நடுக்கோடு அதுதான். இரண்டின் வித்தியாசத்தில் பாதி 39 நிமிடம், அது வீச்சு. இதைச் சமன்பாடாக எழுதும்போது மாணவர்கள் வழுக்குவது பெரும்பாலும் அடைப்புக்குறியில்தான். சைனுக்கு உள்ளே, கோணத்தோடு ஓர் எண்ணைக் கூட்டினால் அலை பக்கவாட்டில் நகரும். வெளியே கூட்டினால்தான் மேலேறும்.

லண்டனில் நீண்ட பகல் 16 மணி நேரம் 38 நிமிடம், குறுகியது 7 மணி நேரம் 50 நிமிடம். கூட்டிப் பாதியாக்கினால் 12 மணி நேரம் 14 நிமிடம். அங்கே வீச்சு நம்முடையதைப்போல ஆறு மடங்குக்கு மேல். நடுக்கோடோ ஏழே நிமிடம்தான் கூடுதல்.

சரி, நடுக்கோடு சரியாக 12இல் நிற்காதது ஏன்? சூரியனின் மேல் விளிம்பு தெரிந்ததுமே பொழுது கிளம்பிவிட்டதாகக் கணக்கு. போதாததற்குக் காற்று ஒளியை வளைத்து, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனையே தூக்கிக் காட்டுகிறது. காலையில் மூன்றரை நிமிடம், மாலையில் மூன்றரை நிமிடம் இப்படிச் சேர்ந்துவிடுகிறது.

அதனால் பகலும் இரவும் சமம் என்று பள்ளியில் படித்த மார்ச் 20 அன்றும் நமக்குப் பகலே நீளம். நம் வளைவு 12 மணிக் கோட்டைத் தாண்டுவது மார்ச் 9, 10 வாக்கில். திரும்ப இறங்குவது அக்டோபர் முதல் வாரத்தில்.