எண்ணிக்கை சரி, ஜோடி சரியா?

கல்யாண ஆல்பத்துக்குப் படம் பொறுக்கும் வீட்டார் பார்ப்பது ஜேபெக் கோப்புகளை. ஆல்பம் செய்பவர் கைவைப்பதோ ரா கோப்புகளில். இரண்டையும் எழுதும்படி கேமராவில் சொல்லிவைத்தால், ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு ஜோடி பிறக்கும். ஐஎம்ஜி_4821 என்று இரண்டுக்கும் ஒரே பெயர்; பின்னொட்டுதான் வேறு. ரா கோப்புக்குப் புதிய கேனானில் சிஆர்3, நிக்கானில் என்இஎஃப், சோனியில் ஏஆர்டபிள்யூ.

ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படிநிலைகள். 14 பிட் ரா கோப்பில் 16,384. வீடியோ லைட்டில் வெளுத்துப்போன ஜரிகையை மீட்க இந்தக் கூடுதல் படிநிலைகள்தான் கைகொடுக்கும். தாலி கட்டும் படத்துக்கு ரா இல்லையென்றால் மாப்பிள்ளையை இன்னொரு முறை கட்டச் சொல்லவா முடியும்?

கோப்பு காணாமல்போகப் பெரிய விபத்து தேவையில்லை. காப்பி பாதியில் நின்றிருக்கும். ராவையும் ஜேபெக்கையும் தனித்தனி ஃபோல்டரில் பிரித்து வைத்துவிட்டு, வேண்டாத படங்களை ஒன்றில் மட்டும் அழித்திருப்பார்கள். பலரும் செய்யும் சோதனை, இரண்டு ஃபோல்டரிலும் எண்ணிக்கை ஒன்றா என்று பார்ப்பது. அது சோதனையே அல்ல. இந்தப் பக்கம் 7 ரா, அந்தப் பக்கம் வேறு 7 ஜேபெக் போயிருந்தாலும் எண்ணிக்கை அச்சாகப் பொருந்தும்.

பத்து வரி பைத்தான் ஸ்கிரிப்ட் இதைச் சரியாகச் செய்யும். பின்னொட்டை வெட்டிவிட்டுப் பெயர்களை இரண்டு கணங்களாக்கி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். பள்ளியில் படித்த அதே கண வித்தியாசம்தான். ரா கணத்திலிருந்து ஜேபெக்கைக் கழித்தால் ஜேபெக் இல்லாதவை மட்டுமே தெரியும். ஆகவே திருப்பியும் கழிக்க வேண்டும். 5,000 பெயர்களை 5,000 பெயர்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் 2.5 கோடி ஒப்பீடுகள். கணத்திலோ ஒவ்வொரு பெயரும் ‘ஹாஷ்’ என்னும் எண்ணாக மாறி, தன் இடத்தைத் தானே காட்டிவிடும். ஏறக்குறைய பத்தாயிரம் தேடலில் வேலை முடியும்.

சிக்கல் பெயர்களில்தான். லினக்ஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பின்னொட்டைச் சிறிய எழுத்தில் தேடச் சொல்லி, கேமரா பெரிய எழுத்தில் எழுதியிருந்தால், ஒரு ஜேபெக்கூட இல்லை என்று ஸ்கிரிப்ட் சாதிக்கும். கார்டை மேக் கணினியில் செருகியிருந்தால், புள்ளியும் அடிக்கோடும் முன்னே ஒட்டிய போலிக் கோப்புகள் சில சேர்ந்திருக்கும். அவற்றைத் தள்ளிவிட வேண்டும். கேமராவின் எண் 9999-ஐத் தொட்டதும் 0001-க்குத் திரும்பிவிடும் என்பதால் கேமரா உருவாக்கிய ஃபோல்டரின் பெயரையும் சேர்த்தே ஒப்பிடுவது நல்லது. பெயர் இருந்து உள்ளே ஒன்றுமில்லாத பூஜ்ய பைட் கோப்புகளையும் சேர்த்துப் பிடிக்க இன்னொரு வரி போதும்.

கார்டை ஃபார்மட் செய்வதற்கு முன் இதை ஓட்டுங்கள். ஏதேனும் விடுபட்டிருந்தால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழித்த கோப்பின் தரவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் கார்டிலேயே கிடக்கும். மீட்பு மென்பொருளால் எடுத்துவிடலாம்.