‘ஒரேயொரு கரெக்‌ஷன் சார்!’ - கல்யாணப் பத்திரிகையில் எழுத்து மாறினால் தண்டம் யார் தலையில்?

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் எந்த ரகக் கல்யாணப் பத்திரிகையும் வாங்கலாம். பிள்ளையார் படம் போட்டது, வெல்வெட் ஒட்டியது, நகைப்பெட்டி மாதிரி திறப்பது எல்லாம் உண்டு.

அட்டையைக் காட்டுபவர் கடைக்காரர். அடித்துக் கொடுப்பவர் அச்சகத்துக்காரர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இன்னொருவர் இருக்கிறார். முகூர்த்த நேரத்தை எடுப்பாக நிறுத்தி, தாய்மாமன் பெயர் விட்டுப்போகாமல் பார்த்து, பாட்டனார் பட்டத்தோடு எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடக்கிக் கொடுப்பவர். அவர்தான் டிசைனர்!

இவர்களில் பலருக்குக் கடை கிடையாது, போர்டு கிடையாது. மாதச் சம்பளமும் கிடையாது. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், கையில் ஒரு செல்போன். வேலை வந்தால் பணம். சில சமயம் வேலை வந்தும் பணம் வராது! ‘ஃபிரீலான்ஸ்’ என்று கௌரவமாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்று கல்யாணப் பத்திரிகை, நாளை ஸ்வீட் கடைப் பெட்டி, மறுநாள் டியூஷன் சென்டர் நோட்டீஸ் என்று வேலை ஓடுகிறது. இப்போது எந்த வேலைக்கும் கூடவே ஒரு வால் முளைத்திருக்கிறது.

“இதையே அப்படியே வெப்சைட்லயும் போட்டுடுங்க சார். அதான் ரெடியா இருக்கே!”

ரெடியாகவா இருக்கிறது? அதுதான் இல்லை.

வேஷம் கலைந்த தமிழ்!

அச்சு வேலையில் பழைய தமிழ் ஃபாண்ட்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பாமினி என்று ஒரு ஃபாண்ட். அதில் ‘தமிழ்’ என்று அழகாகத் தெரியும். ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளே இருப்பது தமிழே அல்ல! ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். இங்கிலீஷ் எழுத்துகள் தமிழ் வேஷம் கட்டி நிற்கின்றன. அந்த ஃபாண்ட் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தால் வேஷம் கலைந்துவிடும்.

வெப்சைட்டுக்கு யூனிகோடு வேண்டும். அதில் தமிழ் எழுத்துக்கென்றே தனி எண்கள் உண்டு. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்று உத்தரவு போட்டது.

அப்படியிருந்தும் பழையது ஏன் போகவில்லை? காரணம் இருக்கிறது. டிசைனர்களின் கையாயுதமான போட்டோஷாப்பில் வெகுகாலம் யூனிகோடு தமிழ் ஒழுங்காக நிற்கவில்லை. ‘கெ’ என்று அடித்தால் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். பத்திரிகையில் அப்படி வந்தால் சம்பந்தி சும்மா விடுவாரா? இப்போது புதிய பதிப்புகளில் அதற்கான அமைப்பை மாற்றிவைத்தால் சரியாகவே வருகிறது. ஆனால் பழைய ஃபாண்ட்களில் கைப்பழக்கம் ஊறிப்போனது. பழைய வேலைகளெல்லாம் அதில்தான் கிடக்கின்றன.

சரி, மாற்றிக் கொடுக்க ‘கன்வெர்ட்டர்’ இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. பழைய ஃபாண்டில் டைப் அடித்தவர், காலுக்குப் பதிலாக ‘ர’ எழுத்தைத் தட்டியிருப்பார். இரண்டும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். காகிதத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. யூனிகோடுக்கு மாற்றியதும் குட்டு வெளிப்பட்டுவிடும். ‘மாலை’ என்பது ‘மரலை’ ஆகிவிடும். செல்போனில் ‘மாலை’ என்று தேடுகிறவருக்கு அந்தக் கடை அகப்படவே அகப்படாது.

ஆக, வரிவரியாக உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். அதற்குத் தனிக் கூலி கேட்டால், “டைப்பிங்தானே சார், அதுக்குமா காசு?” என்பார்கள்.

பச்சை எங்கே?

அடுத்த பஞ்சாயத்து கலர். திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீல ஒளி. ஆப்செட்டில் விழுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நாலு மை. திரையில் பளீரென்று மின்னும் கிளிப்பச்சை, மையில் மங்கித்தான் வரும். “செல்லுல பார்த்த கலர் வேற, நீங்க கொடுத்த கலர் வேற” என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்கியே டிசைனர்களின் தொண்டை வறண்டுவிடுகிறது.

லோகோ கேட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். 600 புள்ளி அகலமுள்ள படம். செல்போனில் ஜோராக இருக்கும். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி என்பது கணக்கு. அப்படியென்றால் அந்தப் படம் 2 அங்குலத்துக்குத்தான் தாங்கும். அதைக் கடை வாசல் போர்டு அளவுக்கு இழுக்கச் சொன்னால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்!

‘ஓகே’ சொன்னது யார்?

இதெல்லாம் நேரத் தண்டம். பணத் தண்டம் புரூப்பில் இருக்கிறது.

புரூப் வாட்ஸ்அப்பில் போகிறது. பெண்ணின் சித்தப்பா பஸ்ஸில் தொங்கிக்கொண்டே பார்க்கிறார். ‘ஓகே’ என்று ஒரு வார்த்தை. ஆயிரம் பத்திரிகை அடித்துக் கட்டு கட்டியாகிவிட்டது. அப்புறம்தான் வீட்டுப் பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேட்பார்: “தேதி சரி. கிழமை ஏன்ப்பா தப்பா இருக்கு?”

டிசைன் கூலி சில நூறு. அட்டையும் அச்சுக்கூலியும் பல ஆயிரம். எழுதிக் கொடுத்தவரே கிழமையைத் தப்பாக எழுதிக் கொடுத்திருந்தாலும், முதல் விரல் நீளுவது டிசைனர் பக்கம்தான்.

அடிபட்டவர்கள் உஷாராகிவிட்டார்கள். காலண்டரை வைத்துத் தேதியையும் கிழமையையும் ஒத்துப் பார்க்கிறார்கள். பத்திரிகையில் உள்ள போன் நம்பரை ஒரு தடவை அடித்துப் பார்க்கிறார்கள். காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து, அதன்மேல் கையெழுத்து வாங்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. புத்திசாலித்தனம்தான்!

“ஒரேயொரு சின்ன கரெக்‌ஷன் சார்” என்பதுதான் இந்தத் தொழிலின் நிரந்தர மிரட்டல். நடுவில் ஒரு மாமா பெயரைச் சேர்த்தால் கீழே உள்ள அத்தனை வரியும் இடம் பெயரும். ஈய எழுத்தைக் கோத்த காலத்தில் கம்பாசிட்டர் எழுத்தைப் பிரித்து மறுபடி கோப்பது வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரிந்தது. திருத்தத்துக்குத் தனிக் காசு என்றால் ஒப்புக்கொண்டார்கள். இப்போது எல்லாம் திரைக்குள் நடப்பதால் வேலையே நடக்காத மாதிரி இருக்கிறது.

பிளெக்ஸ் வேலையில் ஆபத்து வேறு மாதிரி. 2019 செப்டம்பர் 12-ந் தேதி பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற 23 வயது பெண் என்ஜினீயர் லாரியில் சிக்கிப் பலியானார். பேனரை அச்சடித்த அச்சகத்துக்கும் மாநகராட்சி சீல் வைத்தது. அதற்குப் பிறகு, அனுமதி உண்டா என்று கேட்காமல் பேனர் வேலை எடுக்கவே பலர் தயங்கினார்கள்.

35 டாலர் லோகோ!

சரி, வரைந்த லோகோ யாருக்குச் சொந்தம்?

1971-ல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கரோலின் டேவிட்சன் என்ற கல்லூரி மாணவி, ஒரு செருப்புக் கம்பெனிக்கு டிக் அடித்த மாதிரி ஒரு கோடு வரைந்து கொடுத்தார். கூலி 35 டாலர். கம்பெனியின் பெயர் நைக்கி! 1983-ல்தான் கம்பெனிக்காரர்கள் அவரை அழைத்து, மோதிரமும் பங்குகளும் கொடுத்துக் கௌரவித்தார்கள்.

நம் ரூபாய்ச் சின்னத்தை உருவாக்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். 2010 ஜூலை 15-ல் மத்திய அமைச்சரவை அதை ஏற்றது. பரிசு 2½ லட்ச ரூபாய். உரிமை அரசுக்கு என்பது முன்கூட்டியே பேசிய பேச்சு. அதனால் தகராறுக்கு இடமில்லை.

இங்கே தெருமுனைக் கடை லோகோவுக்கு யார் எழுதி வைக்கிறார்கள்? 1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் வரைந்தால் முதலாளிக்குச் சொந்தம். தனியாக வேலை எடுத்துச் செய்பவர் வரைந்த லோகோவுக்குப் பொதுவாக அவரே முதல் உரிமையாளர். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். அதிலும் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் கணக்கு! பணம் கொடுத்துவிட்டோம், எல்லாம் நம்முடையது என்று நினைக்கிற கடைக்காரர்கள் இதைக் கவனிப்பது நல்லது.

45 நாள் கெடு

நிலுவைக்கும் சட்டம் இருக்கிறது. 2006-ம் ஆண்டு சிறு, குறுந்தொழில் சட்டப்படி, ‘உத்யம்’ பதிவு செய்த டிசைனருக்கு, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடிக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி! பதிவுக்குக் கட்டணம் கிடையாது. மனுவை ஆன்லைனிலேயே போடலாம்.

ஆனால் மனுப் போட்டுவிட்டால், அடுத்த தீபாவளிக்கு அந்த ஸ்வீட் கடைக்காரர் பெட்டி வேலையைக் கொடுப்பாரா? அந்த யோசனையில்தான் பலர் மறுபடியும் போனை எடுத்து, “சார், அந்த பேலன்ஸ்...” என்று ஆரம்பிக்கிறார்கள்.