கம்பளி கொடுத்தாச்சு, சோறு போட்டாச்சு... பிள்ளை ஏன் அழுகிறது?

ஊட்டிக் குளிருக்குக் கம்பளி உண்டு. மூணு வேளையும் சோறு உண்டு. ஆனாலும் விடுதிப் பிள்ளை ராத்திரியில் விழித்து அழுகிறதே, ஏன்?

தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கும் நீலகிரிக்கும் பழைய உறவு. லவ்டேலில் இன்று பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கும் லாரன்ஸ் பள்ளி, 1858-ல் பட்டாளத்துக்காரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியதுதான். கூரையும் கட்டுப்பாடும் போதும் என்று நினைத்த காலம் அது.

போதாது என்கிறார்கள் டாக்டர்கள்!

ஒரே ஆள் வேண்டும்

1951-ல் லண்டன் மனநல டாக்டர் ஜான் பவுல்பி உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தார். சோறு மாதிரியே, மாறாத ஓர் ஆளின் பாசமும் குழந்தைக்கு வேண்டும் என்றார். ஷிப்டுக்கு ஷிப்டு ஆயா மாறினால் பிள்ளை யாரை நம்பும்?

ருமேனியா நாட்டில் சோதித்தே பார்த்தார்கள். விடுதியில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குடும்பங்களில் விட்டு வளர்த்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அறிவு வளர்ச்சி கூடுதல். 2 வயதுக்கு முன்பே போன பிள்ளைகள் இன்னும் நன்றாகத் தேறின.

வந்தவர் மடியில் எல்லாம் ஏறும் பிள்ளையைப் பார்த்து "நல்லாப் பழகுதே" என்று மகிழ்கிறோம். அது ஏக்கத்தின் அடையாளமாகவும் இருக்கலாம்.

வைத்தியம் என்ன? குளிப்பாட்ட, ஊட்ட, தூங்க வைக்க ஒரே ஆள். தட்டைத் தூக்கி எறிந்தாலும் அடிக்காத ஆள். லீவில் போனால் "நாளன்னிக்கு வந்துடுவேன்" என்று சொல்லி, சொன்னபடி வரும் ஆள்.

நாகையில் ஓர் அப்பா

2004 சுனாமியில் பெற்றோரை இழந்த பிள்ளைகள் நாகப்பட்டினம் அன்னை சத்யா அரசு இல்லத்தில் வளர்ந்தார்கள். சுனாமிக்குப் பின் கலெக்டராக வந்த ஜெ.ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அந்தப் பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா ஆனார்கள். மாற்றலாகிப் போன பிறகும் உறவை விடவில்லை. 2022-ல் அங்கே வளர்ந்த ஒரு பெண்ணின் கல்யாணத்தை முன்னின்று நடத்தினார்கள்.

பாட்டி இருக்கும்போது...

எஸ்டேட் லைன் வீட்டில் தாய் போய்விட்டால், "காசுக்கு எங்கே போவேன்?" என்று பாட்டி பேரனை விடுதிக்கு அனுப்பப் பார்ப்பாள். அவசரம் வேண்டாம்! விடுதி கடைசி வழியாகத்தான் இருக்கணும் என்கிறது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். சொந்தக்காரர் வீட்டிலேயே பிள்ளை வளர, தகுதி இருந்தால் மிஷன் வத்சல்யா திட்டத்தில் மாதம் ரூ.4,000 உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். 1098-க்குக் காசில்லாமல் போன் போடலாம்.

பிள்ளையை பஸ் ஏற்றும் முன்னே, அந்த ஒரு போனைப் போடுங்கள்!