கிறவற் குழிகளில் விரால் பிடித்தல்

வீதி வேலைக்குக் கிறவல் வெட்டியெடுத்தபின் கைவிடப்பட்ட குழிகள் ஊவா மாகாணத்தின் தாழ்நிலப் பகுதிகளிற் பலவுள. ஒக்கம்பிட்டியை அடுத்த நிலங்களில் மாணிக்கக்கல் தேடித் தோண்டி, மூடாது விட்டவையும் உண்டு. வடகீழ்ப் பருவமழையால் இவை நிரம்பி வழியுங்கால், வயலிலும் வாய்க்காலிலும் உள்ள விரால் உட்புகுந்து தங்கிவிடுகின்றது. சிங்களத்தில் இதனை லூலா என்பர். குளிர்ந்து விரைந்தோடும் மலையோடைகள் இதற்கு ஏற்றவையல்ல. ஆதலால் அப்புத்தளை, பண்டாரவளைத் தோட்டத்தவர் இதனை நாடிக் கீழே இறங்கியே வருதல் வேண்டும்.

குழியின் கரை குளக்கட்டைப் போன்றதன்று. செங்குத்தாக வெட்டப்பட்ட விளிம்பு மேலே உறுதியாகத் தோன்றினும், மழையில் ஊறி அடியிற் கரைந்திருக்கும். தவறி வீழ்ந்தால் ஆழம் ஆளளவைக் கடக்கும். வழுக்கும் களிமண்ணிற் பிடித்தேற இடமிராது. முன்பு லொறி இறங்கிய சரிவுப் பாதையே நிற்பதற்குரிய இடம். அங்கு நீர் படிப்படியாக ஆழமாகும். நீர்ப்புல்லும் அங்கேதான் முதலில் வளரும். மீனும் பெரும்பாலும் அவ்விடத்தையே நாடும். சிறுவரைத் தனியே அனுப்பலாகாது.

விரால் இடையிடையே நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிச் செல்லும். அப்பொழுது எழும் வளையத்தைக் கண்டு அதன் இருப்பிடத்தை அறியலாம். புல்லோரத்தில் அசையாது கிடந்து இரைமீது பாய்வது அதன் இயல்பாகையால், நடுக்குழியில் தூண்டில் வீசுவது வீண். நீண்ட மூங்கிற் தடியில் வலிய நூலைக் கட்டி, மண்புழுவையோ சிறு மீனையோ கொளுவி, காலையிலும் மாலையிலும் புல்லின் விளிம்பை ஒட்டி இடுக. ஆளின் நிழல் நீரில் விழலாகாது. மீன் கௌவியவுடன் இழுத்தால் இரையும் போய்விடும். நூல் இழுபட்டுச் செல்லும்வரை பொறுத்தல் வேண்டும்.

மழைக்காலத்திற் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மிதந்து திரிவதைக் காணலாம். அவற்றின் கீழே பெற்ற மீன்கள் காவல் செய்யும். அணுகுவது எதுவாயினும் அவை சீறிப் பாயுமாதலின் தூண்டிலில் எளிதில் அகப்படும். அவ்வெளிமையே கேடு. காவல் நீங்கிய குஞ்சுகளைப் பிற மீன்களும் பறவைகளும் விரைவில் தின்று தீர்த்துவிடும். விதைநெல்லைக் குற்றி உண்ணாத கமக்காரர் இம்மீனையும் அக்காலத்தில் விட்டுவைத்தல் தகும்.

விராலை அடியோடு பிடித்துத் தீர்ப்பதும் நன்றன்று. 1952ஆம் ஆண்டில் இந்நாட்டுக்குக் கொணரப்பட்ட திலாப்பியா, சிறிய நீர்நிலையில் அளவின்றிப் பெருகி வளர்ச்சி குன்றிவிடும். விரால் அதன் குஞ்சுகளை உண்பதால் எஞ்சியவை பருத்து வளரும்.

மரக்கறிப் பயிருக்கு மருந்து தெளித்த கருவியைக் குழிநீரிற் கழுவுவோரும் உளர். அவ்வாறான குழியின் மீனை உண்ணற்க. நஞ்சோ வெடியோ இட்டு மீன் கொல்வதை 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டம் தடுத்துள்ளது.

பிடிபட்ட விரால் நீரின்றியும் நெடுநேரம் உயிரோடிருந்து, ஈரப்புல்லில் ஊர்ந்து தப்பிவிடும். வாய் குறுகிய கூடையிலிட்டு ஈரச் சாக்கினால் மூடிவைத்தல் நலம்.