7,500 மணி நேரம் கேட்கும் சான்றிதழ்

கனடா அரசு தன் ஊழியர்களுக்குச் சம்பளம் போட 'ஃபீனிக்ஸ்' என்ற மென்பொருளை 2016 பிப்ரவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிலருக்குச் சம்பளம் குறைந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. 2017 ஜூனில் சுமார் ஒன்றரை லட்சம் ஊழியர்களின் சம்பளக் கோரிக்கைகள் தீராமல் தேங்கிக் கிடந்தன.

ஏன் இப்படி ஆனது? 2018-ல் வெளியான தலைமைத் தணிக்கையாளர் அறிக்கையில் விவரம் இருக்கிறது. ஃபீனிக்ஸை உருவாக்கும் வேலைக்கு 27.4 கோடி டாலர் ஆகும் என்று ஐபிஎம் நிறுவனம் 2012-ல் சொன்னது. அரசு ஒப்புதல் கொடுத்திருந்ததோ 15.5 கோடி. துண்டு விழுந்ததைச் சமாளிக்க, தேவையான 984 சம்பளச் செயல்பாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். முன்தேதியிட்ட ஊதிய நிலுவையைப் போடும் வசதியும் அதில் அடிபட்டது. அரியர்ஸ் போடத் தெரியாத சம்பள மென்பொருள் எப்படிப்பட்டது என்று அரசு ஊழியர் இருக்கும் எந்த வீட்டுக்கும் விளக்க வேண்டியதில்லை.

எதை வெட்டினால் யாருக்கு அடி விழும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்வதுதான் பிசினஸ் அனலிஸ்ட்டின் வேலை. கிளையன்ட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி டெவலப்பரிடம் கொடுப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி வேலைகூட இல்லை.

'நிலுவைத் தொகையைச் சரியாகக் கணக்கிட வேண்டும்' என்று ஒரு வரி ரெக்வயர்மென்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சி இல்லாதவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்வார். பயிற்சி பெற்றவர் விடமாட்டார். எந்தத் தேதியிலிருந்து? இடையில் பதவி உயர்வு பெற்றவருக்கு எந்த விகிதம்? மூன்று மாதம் மேலதிகாரி இடத்தில் பொறுப்பு வகித்தவருக்கு? நடுவில் ஓய்வு பெற்றவருக்கு? ஒவ்வொரு பதிலும் தனித்தனி விதியாகும். அந்த விதி எந்த ஒப்பந்தத்திலிருந்து வந்தது, அதை எந்த டெஸ்ட் சரிபார்க்கும் என்று பக்கத்திலேயே குறிக்கப்படும். பிற்பாடு யாராவது ஒரு வரியை அடித்தால், அதோடு எவையெல்லாம் விழும் என்பது உடனே தெரிந்துவிடும்.

இதை ஒழுங்காகக் கற்றுத்தர 2003-ல் கனடாவின் டொரன்டோவில் ஐஐபிஏ என்ற சர்வதேச அமைப்பு தொடங்கியது. அதன் வழிகாட்டி நூல் 'பாபோக்'. 2015-ல் வந்த மூன்றாம் பதிப்பு இந்தத் தொழிலை ஆறு அறிவுத் துறைகளாகப் பிரித்து, ஐம்பது உத்திகளை விளக்குகிறது. ஐஐபிஏவின் முக்கியச் சான்றிதழான சிபிஏபி எளிதில் கிடைத்துவிடாது. கடந்த பத்தாண்டுகளில் 7,500 மணி நேரம் இந்த வேலையைச் செய்திருக்க வேண்டும். ஆறு துறைகளில் நான்கிலாவது தலா 900 மணி நேரம் வேண்டும். அதற்கு மேல் 35 மணி நேரப் பயிற்சி. பிறகு மூன்றரை மணி நேரத்தில் 120 கேள்விகள். ஒரு நிறுவனத்தின் சிக்கலை விவரித்துவிட்டு 'அடுத்து என்ன செய்வீர்கள்' என்று கேட்கும் வகைதான் அதிகம் என்பதால் மனப்பாடம் அதிக தூரம் கைகொடுக்காது.

அனுபவம் குறைந்தவர்களுக்கு 3,750 மணி நேரம் கேட்கும் சிசிபிஏ இருக்கிறது. புதியவர்களுக்கு இசிபிஏ. திட்ட மேலாண்மைக்குப் பேர்போன பிஎம்ஐ அமைப்பும் 2014-ல் தனிச் சான்றிதழ் கொண்டுவந்தது.

சென்னை, கோவை ஐடி நிறுவனங்களில் சேரும் இளைஞர்கள் இசிபிஏ எடுத்தால் தொழிலின் அடிப்படை பிடிபடும், நேர்முகத்திலும் உதவும். ஆனால் அதோடு நிற்பது பெரிய குறை. சம்பளப் பிரிவு கிளார்க் பக்கத்தில் உட்கார்ந்து மாதக் கடைசியில் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்காமல் எந்தத் தேர்வும் ஒருவரை அனலிஸ்ட் ஆக்காது. ஃபீனிக்ஸில் செயல்பாடுகளை வெட்டும் முடிவை எடுத்தவர்கள் உயர் அதிகாரிகள். அவர்கள் முன் நின்று, 'இதை எடுத்தால் இத்தனை பேருக்குச் சம்பளம் தவறும்' என்று கணக்கோடு காட்டும் துணிவையும் பயிற்சி தர வேண்டும். பல வகுப்புகளில் இந்தப் பகுதிதான் பலவீனமாக இருக்கிறது.

சிபிஏபி எடுக்க நினைப்பவர்கள் முதல் ப்ராஜெக்ட்டிலிருந்தே மணிக்கணக்கை எழுதி வைப்பது நல்லது. எந்த ப்ராஜெக்ட், எந்த வேலை, எத்தனை மணி நேரம் என்று விண்ணப்பத்தில் பிரித்துக் காட்ட வேண்டும். கூடவே இரண்டு பேரின் பரிந்துரையும் தேவை. பழைய மேலாளர் நிறுவனம் மாறிப் போவதற்கு முன்பே அவருடைய தொடர்பு விவரங்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.